கஞ்சிக்குத் தீர்மானம் போடவில்லை

தாராவியில் எங்கள் சந்தின் முனையில் இருக்கும் பள்ளிவாசலுக்கு நான் பதினோரு வருடம் செயலாளராக இருந்தேன். தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருப்பவனுக்கு அந்தப் பதவி வந்த காரணம் எளிது. கமிட்டியில் இருந்த ஏழு பேரில் தமிழில் பிழையில்லாமல் கடிதம் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் பேசுவார்கள், நான் எழுதுவேன்.

ஏழு பேரும் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். தலைவராக இருந்தவர் என் உம்மாவின் தம்பி, எனக்கு மாமா. தோல் பதனிடும் வேலைக்கு வந்த எங்கள் வாப்பாமார் தகரக் கூரை போட்டு ஆரம்பித்த பள்ளிவாசல் என்பதால், எங்கள் மாவட்டத்துக்காரர்கள் மட்டுமே உறுப்பினராகலாம், அவர்களுக்கு மட்டுமே ஓட்டு என்று விதி இருந்தது. அந்த விதி நியாயமா என்று யாரும் கேட்டதில்லை. எங்களுக்கே அப்படி ஒரு கேள்வி இருப்பதாகத் தோன்றியதில்லை.

வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு முன்னால் ஹஸ்ரத், அதாவது இமாம், அரை மணி நேரம் பேசுவார். அதைப் பயான் என்போம். அது தமிழில் இருக்கும். ஹஸ்ரத்தை எங்கள் பக்கத்து மதரசா ஒன்றிலிருந்துதான் எப்போதும் வரவழைப்போம். நல்ல பேச்சாளராகத்தான் பார்த்து எடுப்போம்.

நான் பதவிக்கு வருவதற்கு முன்பே சந்து மாறத் தொடங்கியிருந்தது. எங்கள் ஆட்கள் கொஞ்சம் காசு சேர்ந்ததும் செம்பூர், சுனாபட்டி என்று வெளியே போனார்கள். அவர்கள் விட்டுப்போன மாடிகளில் பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்தவர்கள் ஜரி வேலை போட்டார்கள், பை தைத்தார்கள். என் பட்டறையிலேயே நான்கு பேர் தையல்காரர்கள், நான்கு பேரும் பீகார். காலையிலிருந்து சாயங்காலம் வரை நான் அவர்களோடு இந்தி பேசுவேன். வெள்ளிக்கிழமை மதியம் நாங்கள் ஐந்து பேரும் ஒன்றாகக் கிளம்பிப் பள்ளிவாசலுக்குப் போவோம். அங்கே உட்கார்ந்ததும் நான் மட்டும் கேட்பவனாகிவிடுவேன், அவர்கள் காத்திருப்பவர்களாகிவிடுவார்கள்.

ஒருமுறை திரும்பி வரும் வழியில் அவர்களில் ஒருவர், "சேட், இன்னைக்கு ஹஸ்ரத் ரொம்பக் கோபமா இருந்தாரே, என்ன விஷயம்?" என்று இந்தியில் கேட்டார்.

"தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்யும்போது தண்ணியை வீணாக்காதீங்கன்னு சொன்னார்," என்றேன்.

அவர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. ஏதோ நரகத்தைப் பற்றிய செய்தி என்று நினைத்திருக்கிறார்.

அந்தச் சமயத்தில்தான் ஜரிப் பட்டறைக்காரர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். என் வயதுதான். இரண்டு சந்து தள்ளி முப்பது பேர் அவரிடம் வேலை பார்த்தார்கள். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. தோல் கட்டின் மேல் உட்கார்ந்து, டீ வரும்வரை வேறு ஏதேதோ பேசினார். பிறகு சொன்னார்:

"பாய்சாப், ஒரு வேண்டுகோள். பயான் அரை மணி நேரம். அதுல பதினைந்து நிமிஷம் தமிழ், பதினைந்து நிமிஷம் உருது. எங்க பசங்க வாரம் பூரா ஊசியைக் குனிஞ்சு பார்த்துக்கிட்டு இருக்காங்க. ஒரு நாள் ரெண்டு நல்ல வார்த்தை காதுல விழட்டுமே."

கேட்டதில் தப்பு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. மாமாவிடம் போய்ச் சொன்னேன். அவர் முழுதாகக் கேட்கவில்லை.

"இன்னைக்குப் பதினஞ்சு நிமிசம் கேப்பானுவ. நாளைக்கு மைக்கக் கேப்பானுவ. அதுக்கு அடுத்த நாளு சாவியக் கேப்பானுவ. நீ என்னத்துக்குலே அவனுக்கு டீ வாங்கிக் குடுத்த? எழுது தீர்மானத்த."

எழுதினேன். 'இப்பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை பயான் தமிழில் மட்டுமே நடைபெறும் எனக் கமிட்டி ஒருமனதாகத் தீர்மானிக்கிறது.' கையெழுத்து, முத்திரை எல்லாம் போட்டு வாசல் பலகையில் ஒட்டினோம். சாயங்காலம் அஸர் தொழுகைக்கு வந்தவர்கள் அதைச் சுற்றி நின்றார்கள். இது என்ன என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். தண்ணீர் வராது போலிருக்கிறது என்று ஒருவர் சொன்னார். பெருநாள் தொழுகை நேரமாக இருக்கும் என்றார் இன்னொருவர். யாரைக் கட்டுப்படுத்த அதை எழுதினோமோ அவர்களால் அதைப் படிக்க முடியவில்லை.

மாமாவுக்கு அது புரிய ஒரு நாள் ஆனது. "கீழே இந்தியிலயும் எழுதிப் போடு," என்றார்.

எனக்கு இந்தி பேச வரும், எழுத வராது. கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த என் மகளை வீட்டில் உட்கார வைத்தேன். நான் சொல்லச் சொல்ல அவள் அழகாக எழுதினாள். எழுதி முடித்துவிட்டு, மேலே இருந்த என் தமிழை விரல் வைத்துப் படிக்கப் பார்த்தாள். ஒவ்வொரு எழுத்தாகத் தடவித் தடவி வந்து 'ஒருமனதாக' என்ற இடத்தில் நின்றாள்.

"வாப்பா, இதுக்கு மத்லப் என்ன?"

"எல்லாரும் சேந்து சம்மதிச்சதுன்னு அர்த்தம்."

"எல்லாரும்னா யாரு?"

"கமிட்டி. ஏழு பேரு."

அவள் சிரித்தாள். அதில் கேலி இல்லை, ஒரு கணக்கின் விடை வந்துவிட்ட மாதிரியான சிரிப்பு. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அவள் தமிழ் படிக்கத் தடுமாறியதுதான் அதைவிட உறுத்தியது. பள்ளிவாசலில் தமிழைக் காப்பாற்றத் தீர்மானம் எழுதியவனின் மகள் அவள்.

அடுத்த கூட்டத்தில் நானே எழுந்து, ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு வைக்கலாம் என்றேன். எல்லோருக்கும் சந்தோஷம். பள்ளிவாசலில் பாய் விரித்து, மாட்டுங்காவிலிருந்து அரிச்சுவடிப் புத்தகங்கள் வாங்கி வந்தோம். சொல்லிக்கொடுக்க ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை ஏற்பாடு செய்தோம். முதல் வாரம் இருபது பிள்ளைகள் இருந்தார்கள். நான்காவது வாரம் ஆறு பேர். கமிட்டிக்காரர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளைகளைக் கட்டாயம் அனுப்ப வேண்டும் என்று மாமா உத்தரவு போட்டார். அனுப்பினோம். அவர்கள் வந்து இங்கிலீஷ் பள்ளிக்கூடத்து வீட்டுப்பாடத்தை அங்கே உட்கார்ந்து முடித்தார்கள். மழைக்காலம் தொடங்கியதும் வகுப்பு தானாக நின்றுபோனது. புத்தகங்கள் வெகுநாள் என் பட்டறை அலமாரியில் கிடந்தன.

பயானின் சத்தம் ஒலிபெருக்கி வழியாக எங்கள் வீட்டு ஜன்னலுக்கே வரும். பெண்கள் வீட்டிலிருந்தே கேட்பார்கள். ஒரு வெள்ளிக்கிழமை சாப்பாட்டின்போது மகள் கேட்டாள்: "இறையச்சம், இறையச்சம்னு ஹஸ்ரத் பத்து தடவை சொன்னாரு. அது என்னது?"

"அல்லாவுக்குப் பயந்து நடக்கிறது."

"தக்வாவா? அப்படியே சொல்லலாம்ல? தக்வான்னா எனக்கு உடனே வெளங்கியிருக்கும்."

போனில் அவள் உருதுக்காரர்களின் பேச்சுக்களைத்தான் கேட்டாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. காதில் ஒயரை மாட்டிக்கொண்டிருந்ததைப் பாட்டு என்று நினைத்திருந்தேன்.

அதே வருடம் இன்னொன்று நடந்தது. ஒரு வெள்ளிக்கிழமை பைகளைக் கொடுப்பதற்காகச் சுனாபட்டிக்குப் போனேன். கொடுத்து முடிக்கத் தொழுகை நேரமாகிவிட்டது. அங்கேயே ஒரு பள்ளிவாசலில் நுழைந்து பின்வரிசையில் உட்கார்ந்தேன். உருதுப் பயான் நடந்துகொண்டிருந்தது. எனக்கு இரண்டு வரிசை முன்னால் இருந்த முதுகு தெரிந்த முதுகாக இருந்தது. மாமாவின் மகன். பக்கத்தில் எங்கள் கமிட்டிக்காரர் இன்னொருவரின் மகன்.

தொழுகை முடிந்து செருப்பு மாட்டும் இடத்தில் அவனைப் பிடித்தேன். கொஞ்சம் திடுக்கிட்டான். பிறகு சமாளித்துக்கொண்டான்.

"வாப்பாட்ட சொல்லிராதீங்க மச்சான்."

"எவ்வளவு நாளா வார?"

"ஒரு வருசம் இருக்கும். இங்க சொல்லுதது வெளங்குது. அங்கன உக்காந்தா ஃபேன் எத்தனை சுத்து சுத்துதுன்னு எண்ணிக்கிட்டு இருப்பேன்."

"வீட்டுல தமிழ்தானே பேசுத?"

"பேசுதேன். சோறு போடு, சாவி எங்க, அவ வந்தாளா. இதுக்கெல்லாம் தமிழ் இருக்கு மச்சான். இந்தத் துனியா வாழ்க்கையப் பத்தி, மவுத்தாப் போறதப் பத்தி யோசிச்சா எனக்கு இந்திலதான் வருது. நான் என்ன செய்ய?"

மாமாவிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதற்கும் ஒரு தீர்மானம் எழுதச் சொல்லியிருப்பார்.

அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது யோசித்துப் பார்த்தேன். பள்ளிவாசலின் சாவி எங்களிடம். மைக் எங்களிடம். ஹஸ்ரத்தை வைப்பதும் அனுப்புவதும் நாங்கள். பம்பாயில் வேறு எந்த இடத்திலும் எங்களுக்கு அவ்வளவு அதிகாரம் கிடையாது. இருந்தும் எங்கள் வீட்டுப் பிள்ளைகளை அரை மணி நேரம் எங்கள் மொழியில் உட்கார வைக்க எங்களால் முடியவில்லை.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல என்று பிறகு ஒரு நாள் தோன்றியது. கடைப் பலகைகளில் மராத்தி பெரிதாக இருக்க வேண்டும் என்று கண்டிப்பு வந்த சமயம். என் பட்டறைக்கும் ஒரு பலகை எழுதி மாட்டினேன். பார்த்துப்போக ஓர் அரசாங்க ஆள் வந்தார். மராத்திக்காரர்தான். எழுத்தின் உயரத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, "டீக் ஹை, பாய். பானி மிலேகா?" என்று என்னிடம் தண்ணீர் கேட்டார். சட்டம் அவருடைய மொழியில் இருந்தது. தாகம் தெருவின் மொழியில் வந்தது. அந்தத் தெரு இந்தி யாருக்கும் சொந்தமில்லை. அதை வளர்க்கச் சொல்லி இந்த ஊரில் யாரும் ஊர்வலம் போனதும் இல்லை.

பள்ளிவாசலுக்கு மாடி கட்டியபோது எங்கள் விதி உடைந்தது. லாரி சந்துக்குள் வராது. செங்கல்லும் சிமெண்டும் பெரிய ரோட்டிலிருந்து தோளில்தான் வர வேண்டும். தினமும் வேலை முடிந்ததும் ஜரிப் பட்டறை ஆட்கள் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுவந்து சேர்த்தார்கள். எங்கள் ஆட்களில் பாதிப்பேர் செம்பூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மாடி எழும்பிய பிறகு, தூக்கியவர்களுக்கு ஓட்டு இல்லை என்று சொல்வது எனக்குக் கஷ்டமாக இருந்தது. சந்தில் குடியிருக்கும் எல்லோரையும் உறுப்பினராகச் சேர்ப்பது பற்றிக் கூட்டம் போட்டோம். மூன்று பேர் சரி என்றார்கள், மூன்று பேர் கூடாது என்றார்கள். நான் சரி என்று கை தூக்கினேன்.

மாமா என்னை வெகுநேரம் பார்த்தார். "எங்க அக்கா பெத்த புள்ளையாலே நீ?" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அடுத்த தேர்தலில் நாங்கள் தோற்றோம். இது எதிர்பார்த்ததுதான். புதிய கமிட்டியில் எங்கள் ஆள் ஒருவர் மட்டும் வந்தார், அது நான் இல்லை. ஜரிப் பட்டறைக்காரர் செயலாளர் ஆனார். நான் சாவிக்கொத்தையும் பதிவேடுகளையும் ரப்பர் முத்திரையையும் ஒப்படைக்கப் போனேன். அவர் முத்திரையை ஒரு காகிதத்தில் அழுத்திப் பார்த்தார். வட்டத்துக்குள் சுற்றிலும் தமிழ்.

"இதுல என்ன எழுதியிருக்கு?"

படித்துச் சொன்னேன்.

"நல்லா இருக்கு," என்றார். மரியாதைக்குச் சொன்னார் என்று தெரிந்தது. அடுத்த வாரம் புது முத்திரை வந்துவிட்டது.

உருது பேசும் இமாம் ஒருவர் வந்தார். சின்ன வயது, நல்ல குரல். பயான் உருதுவுக்கு மாறியது. எங்கள் பெரியவர்கள் ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள். மாமா வெள்ளிக்கிழமைதோறும் டிராம்பே பஸ்ஸில் ஏறி, எங்கள் மாவட்டத்துக்காரர்கள் நடத்தும் வேறொரு பள்ளிவாசலுக்குப் போனார். என் தையல்காரர்கள் இப்போது முன்வரிசையில் போய் உட்கார்ந்தார்கள். நான் பின்னால் உட்கார்ந்தேன். எனக்குப் பயான் புரிந்தது. வருத்தம் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. ஆனால் ஒரு சுமையை இறக்கி வைத்த மாதிரியும் இருந்தது. அதற்காக வெட்கப்பட்டேன்.

கஞ்சியைப் பற்றி இதுவரை சொல்லவில்லை. நாங்கள் நடத்திய எந்தக் கூட்டத்திலும் கஞ்சி பற்றிப் பேச்சு எழுந்ததில்லை, அதனால் வரிசையில் அது இங்கேதான் வருகிறது. நோன்பு மாதம் முப்பது நாளும் பள்ளிவாசலின் பின்கட்டில் அண்டா ஏற்றிக் கஞ்சி காய்ச்சுவார்கள். குருணை அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, கொத்துக்கறி, தேங்காய்ப்பால். உள்ளே நோன்பு திறப்பவர்களுக்குக் கோப்பையில் ஊற்றியது போக, அஸருக்குப் பிறகு பின்வாசலில் யார் பாத்திரம் கொண்டு வந்தாலும் ஊற்றிக்கொடுப்பார்கள். எங்கள் ஊர்களில் நடப்பதுதான். எங்கள் வாப்பாமார் அப்படியே இங்கே தொடர்ந்தார்கள். அதற்கு விதி கிடையாது, பலகையில் எதுவும் ஒட்டியதில்லை.

புதிய கமிட்டி வந்த முதல் நோன்பில் கஞ்சி நின்றது. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அவர்கள் வழக்கம் பேரீச்சம்பழம், பழத்துண்டுகள், வேகவைத்த கொண்டைக்கடலை, பக்கோடா, ரோஸ் சர்பத். கஞ்சி என்றதும் அவர்களில் சிலருக்கு நினைவுக்கு வந்தது காஞ்சி, ஊரில் கேரட்டை உப்பு நீரில் புளிக்க வைக்கும் ஒரு பானம். எங்கள் சமையல்காரரும் மாமாவோடு டிராம்பே பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்.

முதல் நாள் அஸர் தொழுது வெளியே வந்தபோது பின்வாசலில் வரிசை நிற்பதைப் பார்த்தேன். நாற்பது ஐம்பது பேர் இருக்கும், கையில் தூக்குச்சட்டியும் டிபன் பாத்திரமும். எங்கள் ஆட்கள் ஐந்தாறு பேர். மற்ற எல்லோரும் பீகார், உத்தரப் பிரதேசத்துப் பெண்கள், ஜரி வேலைக்காரர்கள், எங்கள் பின்சுவரை ஒட்டிக் குடியிருக்கும் மராத்தி அம்மாள். அந்த அம்மாள் நோயில் கிடக்கும் தன் வீட்டுக்காரருக்காக வருடாவருடம் வாங்கிப் போவார். ஜரிப் பட்டறைக்காரர் வெளியே வந்து, இந்த வருடம் கஞ்சி இல்லை என்று சொன்னார். அவர்கள் கலைந்து போனார்கள். மறுநாளும் வந்து நின்றார்கள், சொன்னதை நம்பாத மாதிரி.

மூன்றாம் நாள் அவர் என் பட்டறைக்கு வந்தார். அதே தோல் கட்டின் மேல் உட்கார்ந்தார். நோன்பு நேரம், டீ இல்லை.

"பாய்சாப், உங்க சமையல்காரர் எங்கே?"

"டிராம்பேயில. இந்த மாசம் பூரா அங்கேதான்."

"வெளியில கேட்கிறவங்களைச் சமாளிச்சுடுவேன். என் வீட்டுலயே பிரச்சினை. எங்க அம்மாவுக்குப் பல் கிடையாது. எட்டு வருஷமா இந்தக் கஞ்சியிலதான் நோன்பு திறக்கிறாங்களாம். எனக்கே தெரியாது. நேத்து பக்கோடாவைக் கையில வெச்சுக்கிட்டு என்னையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க." பிறகு கேட்டார்: "எப்படிச் செய்யறதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. ஐம்பது வருடமாகக் குடிக்கிறேன், அண்டாவைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. என் மனைவியைத்தான் கேட்க வேண்டும் என்றேன்.

அவள் மகளையும் கூட்டிக்கொண்டு மறுநாள் மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு பின்கட்டுக்கு வந்தாள். ஜரிப் பட்டறையில் தன் அறைக்காரர்களுக்குச் சமைத்துப் போடும் ஒருவரை அண்டாவின் முன் நிறுத்தியிருந்தார்கள். என் மனைவிக்கு இந்தி சுமார்தான். அவள் தமிழில் சொல்ல, மகள் இந்தியில் சொன்னாள்.

"அரிசி ஒடஞ்சிருக்கணும்னு சொல்லு. முழு அரிசியப் போட்டா அது சோறு."

அவர் தலையாட்டிவிட்டு வெந்தயத்தைக் காட்டினார். "மேத்தி எவ்வளவு?"

என் மனைவி உள்ளங்கையைக் குழித்துக் காட்டினாள். அவர் தன் உள்ளங்கையைக் குழித்துப் பார்த்தார். அது இரண்டு மடங்கு பெரிதாக இருந்தது.

"அவரு கைக்கு இல்ல, எங்கைக்கு," என்றாள் அவள். மகள் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தாள்.

தேங்காய்ப்பாலில் தகராறு வந்தது. இத்தனை தேங்காயை யார் துருவுவது என்று அவர் கேட்டார். "தேங்காப்பால் இல்லாம கஞ்சியா?" என்று என் மனைவி என்னைப் பார்த்தாள், நான்தான் அதற்குப் பொறுப்பு என்பது போல. கடைசியில் பாதியளவு ஊற்றுவது என்று முடிவானது. மல்லித்தழை போடும் நேரத்தில் அவர் யாரையும் கேட்காமல் ஒரு பிடி பச்சை மிளகாயைக் கீறிப் போட்டார். இறக்கும்போது இஞ்சியைக் குச்சி குச்சியாக நறுக்கி வறுத்து மேலே தூவினார்.

"இது என்ன புதுசா?" என்று என் மனைவி முணுமுணுத்தாள். மகள் அதை மொழிபெயர்க்கவில்லை.

அன்று அஸருக்குப் பின் வரிசை வழக்கம் போல நின்றது. ஜரிப் பட்டறைக்காரர் தன் அம்மாவுக்குத் தானே பாத்திரம் எடுத்து வந்தார். பலகையில் எதுவும் ஒட்டவில்லை. மறுநாளிலிருந்து பக்கோடாவும் இருந்தது, கஞ்சியும் இருந்தது.

இரண்டு நாள் கழித்து மாமா போன் செய்தார். கை தூக்கிய நாளுக்குப் பிறகு அவராகச் செய்த முதல் போன் அது.

"கஞ்சி காச்சுதானுவளாமே?"

"ஆமா மாமா."

"யாரு காச்சச் சொன்னா?"

"யாரும் சொல்லல. சனங்க வந்து நின்னாவ."

"பயானு?"

"உருதுதான்."

"ம்." பிறகு, "தேங்காப்பால் ஊத்துதானுவளா?"

"பாதிதான்."

வைத்துவிட்டார்.

அதை அவர் வெற்றியாக எடுத்துக்கொண்டாரா, அவமானமாக எடுத்துக்கொண்டாரா என்று எனக்குத் தெரியாது. எனக்கு இரண்டில் எதுவாகவும் தோன்றவில்லை. எங்கள் கையில் எல்லாம் இருந்தபோது எதைப் பெரிதாக நினைத்துக் காவல் காத்தோமோ அது நில்லாமல் போனது. நாங்கள் நினைத்தே பார்க்காத ஒன்று, நாங்கள் வெளியேறிய பிறகு, எங்களைத் தோற்கடித்தவர்களின் வீட்டு அம்மா வழியாகத் திரும்பி வந்தது. அதில் எங்கள் சாமர்த்தியம் எதுவும் இல்லை.

புதிய கமிட்டிக்கும் இதே பாடுதான். அறிவிப்புகள் இனி உருது எழுத்தில்தான் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். இமாம் அழகாக எழுதுவார். பலகையில் பார்க்கச் சித்திரம் மாதிரி இருக்கும். ஆனால் இங்கே பிறந்த அவர்களுடைய பிள்ளைகளுக்கு அந்த எழுத்து தெரியாது. உருதுவை இந்தி எழுத்தில் போட்டுப் பார்த்தார்கள். இங்கிலீஷ் எழுத்தில் போட்டுப் பார்த்தார்கள். இப்போது ஜரிப் பட்டறைக்காரர் போனில் தன் குரலைப் பதிவு செய்து எல்லோருக்கும் அனுப்பிவிடுகிறார், சுத்தமான பம்பாய் இந்தியில். ஒருநாள் என்னிடம், "என் மகன் உருதுல ஒரு கடிதம்கூடப் படிக்க மாட்டான் பாய்சாப்," என்றார். என் அலமாரியில் கிடந்த அரிச்சுவடிகளைப் பற்றி அவரிடம் சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை.

மாமா இப்போது மகனோடு செம்பூரில் இருக்கிறார். டிராம்பே பள்ளிவாசலில் பயான் பாதி இந்தியாகிவிட்டது. எப்படிப் பொறுத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டால், "எனக்குத்தான் காது கேக்கதில்லையே," என்கிறார். தொலைக்காட்சியை மட்டும் மெதுவாக வைத்துத்தான் கேட்கிறார்.

கஞ்சி எங்கள் பள்ளிவாசலோடு நிற்கவில்லை. எங்களிடம் காய்ச்சக் கற்றுக்கொண்டவர் அடுத்த வருடம் பெரிய ரோட்டுப் பள்ளிவாசலில் போய்க் காய்ச்சினார். அங்கிருந்து குர்லா பக்கம் போனதாகச் சொல்கிறார்கள். என் மகள் செம்பூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். கூட வேலை பார்க்கும் பெண்ணின் குடும்பம் உத்தரப் பிரதேசம். அந்தப் பெண் நோன்பு சமயத்தில் ஒரு டப்பாவை நீட்டி, "எங்க பம்பாய்க் கஞ்சி, குடிச்சுப் பாரு," என்றாளாம். வீட்டில் வந்து சொன்னாள்.

"நம்மளுதுன்னு நீ சொல்லலையா?" என்று கேட்டேன்.

"சொல்லி என்ன வாப்பா? அவளும் வருசாவருசம் குடிக்கிறா. அவளுதுதான்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். என் மனைவி வேண்டாம் என்று கண் காட்டினாள்.

போன நோன்பில் என் மனைவிக்கு முட்டியில் அறுவைச் சிகிச்சை. மகளுக்கு வேலை. அதனால் வாழ்க்கையில் முதல்முறையாக நானே தூக்குச்சட்டியோடு பின்வாசல் வரிசையில் போய் நின்றேன். செயலாளராக இருந்த பதினோரு வருடத்தில் நான் அந்தப் பக்கமே வந்ததில்லை என்பது அங்கே நின்றபோதுதான் உறைத்தது. முன்னால் நின்ற இரண்டு பெண்கள் போஜ்புரியில் பேசிக்கொண்டிருந்தார்கள். அண்டாவின் முன் இருந்தவர் எனக்குத் தெரியாதவர், ஊரிலிருந்து புதிதாக வந்திருக்க வேண்டும். என் சட்டியை வாங்கினார். நான் கொஞ்சம் தயங்கி நின்றதைப் பார்த்து, வழக்கம் தெரியாதவன் என்று நினைத்துக்கொண்டார்.

"முதல் தடவையா, சாச்சா?" என்று இந்தியில் கேட்டார்.

"வரிசையில நிக்கிறது முதல் தடவை," என்றேன்.

"சூடா இருக்கும்போதே குடிக்கணும். ரெண்டு சொட்டு எலுமிச்சை பிழிஞ்சுக்கங்க. வயித்துக்கு ரொம்ப நல்லது. நோன்பு திறந்ததும் முதல்ல இதைத்தான் குடிக்கணும், அப்புறம்தான் மத்தது." கரண்டியால் அடியிலிருந்து நன்றாகக் கிளறி, கறி வரும்படி பார்த்து ஊற்றினார்.

"அச்சா," என்றேன்.

வீட்டுக்கு வந்து, பாங்கு சொன்னதும் ஒரு பேரீச்சம்பழத்தைத் தின்றுவிட்டு இரண்டு கோப்பையில் ஊற்றினேன். என் மனைவி காலை நீட்டி உட்கார்ந்தபடியே ஒரு வாய் குடித்தாள். நாக்கில் வைத்து யோசித்தாள்.

"ஏலக்கா போட்டிருக்கானுவ," என்றாள்.

"நல்லா இல்லையா?"

இன்னொரு வாய் குடித்தாள். "அடுத்த தடவ நானும் போட்டுப் பாக்கணும்," என்று சொல்லிவிட்டு, எலுமிச்சம்பழம் இருக்கிறதா என்று பார்க்க என்னை அடுப்படிக்கு அனுப்பினாள்.